உண்ண மறுக்கும் பிள்ளையும் உடனிருக்கும் குடும்பமும்

(ஜூபிலி ஆண்டையொட்டி நம் பங்கில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் திருத்தணியில் ஒருவரையொருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே சாப்பாட்டைத்தான் விசாரிக்கிறோம். தமிழ் பேசும் வீட்டில் "சாப்டியா?" என்று கேட்கிறார்கள். தெலுங்கு பேசும் வீட்டில் "அன்னம் தின்னாவா?" என்று கேட்கிறார்கள். மொழி இரண்டானாலும் கேள்வி ஒன்றுதான். சோறு போடுவதே நம்மவரின் அன்பு மொழி. அப்படியிருக்க, பெற்ற பிள்ளை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவதும், நாளுக்கு நாள் கண்ணெதிரே மெலிவதும், தாய் தந்தையரை எவ்வளவு கலங்கச் செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூபிலி ஆண்டில் கொடியேற்றம், நற்கருணைப் பவனி, நன்றித் திருப்பலி இவற்றோடு குடும்பங்களின் நலனுக்காகவும் சில கூட்டங்களை நடத்த வேண்டுமென்று பங்குப் பேரவையில் முடிவு செய்தோம். அந்த வரிசையில் இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள், இளையோரைப் பற்றும் உணவுக் கோளாறு நோய்களும் அவற்றைக் குணப்படுத்துவதில் குடும்பத்தின் பங்கும் என்பதாகும். "இதெல்லாம் பணக்கார வீட்டு நோய், நமக்கென்ன?" என்று சிலர் எண்ணலாம். பிள்ளைகள் பசித்திருக்கக் கூடாதென்று காமராசர் மதிய உணவு கொடுத்த நாடு இது. 1982-ல் சத்துணவுத் திட்டம் கண்ட நாடு இது. சோறு கிடைக்காத துன்பத்தை நாம் நன்கு அறிவோம். சோறு கிடைத்தும் உண்ண முடியாத துன்பம் ஒன்று உண்டு என்பதை இனிமேல்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இது என்ன நோய்?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து இருபது வயது வரையுள்ள பிள்ளைகளிடம், அதிலும் பெண்பிள்ளைகளிடம், இந்நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. முதலில் காலை உணவு நின்றுபோகும். பிறகு எண்ணெய் வேண்டாம், தயிர் வேண்டாம், சோறு வேண்டாம் என்று விலக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வீட்டாருடன் உட்கார்ந்து உண்பது குறையும். "பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஓயாமல் நடப்பார்கள், ஓடுவார்கள். எடை குறையக் குறைய உடல் எப்போதும் குளிரும், மயிர் கொட்டும், பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுவிடும், நாடித்துடிப்பு தளரும். இதை மருத்துவர்கள் அனோரெக்சியா நெர்வோசா என்கிறார்கள். இன்னொரு வகையில், கட்டுக்கடங்காமல் உண்டுவிட்டு, பிறகு இரகசியமாக வாந்தியெடுத்து வெளியேற்றுவார்கள். இதற்குப் புலிமியா என்று பெயர். இலண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-ல் இதைத் தனி நோயாக வரையறுத்துக் காட்டினார்.

நம் நாட்டில் இந்நோய் சற்று வேறு முகத்துடன் வரக்கூடும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மேலை நாடுகளில் "நான் பருமனாகிவிடுவேன்" என்ற அச்சமே பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் 1995-ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் உண்ண மறுத்தார்கள், ஓயாமல் வாந்தியெடுத்தார்கள், மிகவும் மெலிந்துபோனார்கள். ஆயினும் தம் உடல் பருமனாயிருப்பதாக அவர்கள் எண்ணவில்லை. 2007-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், தங்களிடம் வந்த சிறுவர் சிறுமியரின் பதிவேடுகளை ஆராய்ந்தபோதும், உணவுக் கோளாறுகளில் மனக்காரணத்தால் வரும் வாந்தியே மிகுதியாக இருக்கக் கண்டார்கள். ஆகவே நம் வீட்டுப் பிள்ளை "குண்டாகிவிடுவேன்" என்று சொல்லாமல் இருக்கலாம். "பசிக்கலை", "வயிறு உப்புது", "நெஞ்சை அடைக்குது", "சாப்பிட்டா வாந்தி வருது" என்றே சொல்லலாம். முதலில் வயிற்று நோயா, காசநோயா, தைராய்டா என்று மருத்துவர் பார்க்க வேண்டியது அவசியந்தான். ஒன்றுமில்லை என்று சோதனைகள் சொன்ன பின்பும் பிள்ளை மெலிந்துகொண்டே போனால், "வேஷம் போடுகிறாள்" என்று விட்டுவிடக் கூடாது. மனநோய்களில் உயிரிழப்பு மிகுதியாக உள்ள நோய்களுள் இதுவும் ஒன்று. பட்டினியால் இதயம் தளர்கிறது. அடிக்கடி வாந்தியெடுப்பதால் இரத்தத்திலுள்ள பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகிறது.

பட்டினி உடலை மட்டுமல்ல, மனத்தையும் மாற்றிவிடும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு பரிசோதனை நடத்தினார். போருக்குப் போக மனச்சாட்சி இடந்தராத 36 நல்ல உடல்நலமுள்ள இளைஞர்கள் தாமாகவே முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அவர்கள் முன்பு கலகலப்பானவர்கள்தாம். பட்டினி வளர வளர எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். சமையல் புத்தகங்களையே படித்துக்கொண்டிருந்தார்கள். தட்டிலிருந்த உணவைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் உண்டார்கள். எந்த மனநோயும் இல்லாதவர்களையே பட்டினி இப்படி மாற்றியது என்றால், வளரும் பருவத்துப் பிள்ளையை என்ன செய்யாது? ஆகவே "முதலில் மனம் திருந்தட்டும், பிறகு தானே சாப்பிடுவாள்" என்று காத்திருப்பது வீண். முதலில் உணவு உள்ளே போக வேண்டும். பிறகுதான் மனம் தெளியும்.

கெஞ்சலும் மிரட்டலும்

இந்நோய்க்கு மருத்துவ உலகம் பெயர் சூட்டி நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. 1873-ல் இலண்டனில் சர் வில்லியம் கல், பாரிஸ் நகரில் லசேக் ஆகிய இரு மருத்துவர்கள் ஒருவரையொருவர் சாராமல் இதைப் பற்றி எழுதினார்கள். லசேக் நோயாளியை மட்டும் பார்க்கவில்லை. வீட்டாரையும் கூர்ந்து கவனித்தார். வீட்டாருக்குத் தெரிந்த வழிகள் இரண்டே, ஒன்று கெஞ்சுவது, மற்றொன்று மிரட்டுவது, இரண்டையும் மாறி மாறிச் செய்து ஓய்ந்துபோகிறார்கள் என்பது அவர் கண்டது. அது பாரிஸ் வீட்டுக்கு மட்டுமா பொருந்தும்?

நம் ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். தட்டில் இரண்டு இட்லி. அம்மா, "என் கண்ணு இல்ல, ஒரு வாய் சாப்பிடும்மா" என்று கெஞ்சுகிறாள். நைனா, "சாப்பிடாட்டி படிப்பை நிறுத்திடுவேன்" என்று மிரட்டுகிறார். ஆயாவோ, "பிள்ளையை ஏன்டா அழவைக்கிறீங்க? பசிச்சா தானே சாப்பிடும், விடுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அண்ணன், "எல்லாம் செல்போனால வந்த கேடு" என்கிறான். நால்வரும் அன்பால்தான் பேசுகிறார்கள். ஆனால் நான்கு பேச்சும் நான்கு பக்கம் இழுக்கின்றன. அந்த இடைவெளியில் நோய் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. இட்லியோ ஆறிப்போகிறது.

இத்தகைய காட்சிகளைப் பார்த்த அக்கால மருத்துவர்கள், குடும்பமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். உற்றார் உறவினரே இந்நோயாளிகளைக் கவனிப்பதற்கு மிகவும் தகுதியற்றவர்கள் என்ற கருத்தில் கல் எழுதினார். பிரான்சில் சார்க்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதையே சிகிச்சையாகக் கொண்டார். பின்வந்தவர்கள் ஒருபடி மேலே போய், தாயின் வளர்ப்பே நோய்க்குக் காரணம் என்றார்கள். பிள்ளையும் மெலிந்து, பழியும் தன்மேல் விழுந்தால், அந்தத் தாய் எங்கே போவாள்?

இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. பிறவிக் கூறு, உடலமைப்பு, பருவ மாற்றம், மன இயல்பு, சுற்றுப்புறம் என்று பல காரணங்கள் ஒன்றுகூடித்தான் இந்நோய் வருகிறது. பெற்றோரின் குற்றத்தால் வந்த நோய் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பெற்றோர்களே, இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நோய் வந்தது உங்கள் குற்றத்தால் அல்ல. ஆனால் நோய் தீர உங்கள் கை வேண்டும்.

நம் நாடு காட்டிய வழி

குடும்பத்தை மருத்துவமனைக்குள் அழைத்துக்கொண்ட வழியை நம் நாடு முன்னதாகவே கண்டது என்பதை நாம் பெருமையோடு சொல்லலாம். 1950-களில் பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்தவர் டாக்டர் வித்யாசாகர். நோயாளிகளோ ஏராளம், பணியாளர்களோ மிகச் சிலர். அவர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களை அடித்து, நோயாளிகளின் வீட்டாரை அங்கே வந்து தங்கச் செய்தார். வீட்டாரே பக்கத்திலிருந்து கவனித்தார்கள். நோயைப் பற்றிய அச்சமும் மூடநம்பிக்கையும் அவர்களை விட்டு அகன்றன. நோயாளிகளும் விரைவாக வீடு திரும்பினார்கள்.

அமிர்தசரஸ் தொலைவில் இருக்கிறது. வேலூரோ நமக்கு அண்டை ஊர். சோளிங்கர், இராணிப்பேட்டை வழியாகப் பேருந்தில் போய்ச் சேரும் தூரந்தான். அங்கே சி.எம்.சி.யைச் சேர்ந்த மனநல மையம் பாகாயத்தில் 1957-ல் தொடங்கப்பட்டது. கனடா நாட்டிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் அதற்கு அடிகோலினார். நோயாளியுடன் வீட்டார் ஒருவராவது உடன் தங்க வேண்டும் என்பதை அம்மையம் தன் முறையாகவே வைத்துக்கொண்டது. தங்குகிறவர் வெறும் காவலாளி அல்லர். என்ன நோய், என்ன மருந்து, எப்படிப் பேசுவது, வீட்டுக்குப் போன பிறகு எப்படிக் கவனிப்பது என்று கற்றுக்கொண்டு திரும்புகிறவர். மனநோயாளியைத் தனிக் கொட்டடியில் பூட்டிவைத்த காலத்தின் நினைவு மாறாத நாட்களில் இது பெரிய மாறுதல்.

உணவுக் கோளாறு நோய்களுக்கென்றே இவ்வழியைச் சோதித்துப் பார்த்தவர்கள் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையினர். நாம் முன்பு சொன்ன ரஸ்ஸல், அவருடன் டேர், ஐஸ்லர், சுமுக்லர் ஆகியோர், மருத்துவமனையில் எடை தேறிய 80 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குக் குடும்பத்தோடு சிகிச்சை. மறு பிரிவினருக்குத் தனித்த ஆலோசனை. 1987-ல் முடிவு வெளியாயிற்று. பத்தொன்பது வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகாத இளையோருக்குக் குடும்பச் சிகிச்சையே சிறந்ததென்று தெரிந்தது. ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. பின்னர் 2010-ல் அமெரிக்காவில் 121 இளையோரைக் கொண்டு நடந்த ஆய்விலும், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து, குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 49 பேரும், தனி ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேரும் முழுக் குணமடைந்திருந்தார்கள். எல்லாரும் குணமடைந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு மேலும் மருத்துவம் தேவைப்படுகிறது. ஆனால் இந்த ஆய்வுகள் இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. நோய் பழையதாகுமுன் விரைந்து தொடங்க வேண்டும்; பெற்றோரை வெளியே நிறுத்தக் கூடாது.

வீட்டில் என்ன செய்வது?

கெஞ்சலும் அல்ல, மிரட்டலும் அல்ல என்றால் மூன்றாவது வழி எது? உறுதியோடும் பொறுமையோடும் உடன் உட்கார்ந்திருப்பது. அதை மூன்று கட்டமாக மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள்.

முதற் கட்டத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதும் தாய் தந்தையர் கைக்கு வருகிறது. என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்று பிள்ளையைக் கேட்பதில்லை. மருத்துவர் சொன்ன அளவில் அம்மா பரிமாறுகிறாள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையிடையே பால், வேர்க்கடலை உருண்டை, முட்டை, வாழைப்பழம் என்று ஏதாவது. விலையுயர்ந்த சத்து மாவு தேவையில்லை. இட்லியும் பருப்பும் நெய்யும் தயிரும் கேழ்வரகுக் களியும் போதும். தாயும் தந்தையும் பிள்ளையின் இருபுறமும் உட்காருகிறார்கள். "இது உனக்கு மருந்து, கண்ணு. நீ கஷ்டப்படறது எங்களுக்குத் தெரியுது. நேரமானாலும் பரவாயில்ல, நாங்க இங்கயே இருக்கோம்" என்று சொல்கிறார்கள். பிள்ளை அழலாம், கோபப்படலாம், கத்தலாம். அது பிள்ளையின் குரல் அன்று, நோயின் குரல் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையோடு யாராவது சண்டைக்குப் போவார்களா? சாப்பிட்டு முடித்த பின்பும் ஒரு மணி நேரம் கூடவே இருந்து, கதை பேசியோ பாட்டுக் கேட்டோ பொழுதைக் கழித்தால், வாந்தியெடுக்கும் உந்துதல் தணியும். எடையைப் பற்றியோ உடலைப் பற்றியோ அப்போது பேசக் கூடாது. "இப்பதான் கன்னம் பூசினாப்ல இருக்கு" என்ற பாராட்டுக்கூட நோயுற்ற மனத்துக்கு முள்ளாகத் தைக்கும்.

இரண்டாம் கட்டத்தில், எடை தேறத் தேற, பொறுப்பைச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் மாலைச் சிற்றுண்டி, பிறகு பள்ளிக்கூடத்துச் சாப்பாடு, இப்படியாக. மூன்றாம் கட்டத்தில் படிப்பு, நட்பு, எதிர்காலம் என்று அந்த வயதுக்குரிய மற்றக் கவலைகளைப் பேசித் தீர்க்கலாம். இவை யாவும் முடிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம்.

அண்ணன், அக்கா, தம்பி, தங்கைக்குக் காவல் வேலை வேண்டாம். அவர்கள் விளையாட்டுத் தோழராக, மனம் திறந்து பேசக்கூடியவராக இருந்தால் போதும். ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் நாம் பணிவோடு சொல்வது, பேத்தியின் கண்ணீரைப் பார்த்துத் தட்டை எடுத்துவிடாதீர்கள். பெற்றோர் பக்கம் நில்லுங்கள். உங்கள் ஒரு சொல்லுக்கு அந்த வீட்டில் எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

தாயும் தந்தையும் ஒரே சொல்லாக இருப்பது இதில் உயிர்நாடி. கருத்து வேறுபாடு இருந்தால் பிள்ளை இல்லாத நேரத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஓயாது குறைகூறும் வீடுகளில், பெற்றோரையும் பிள்ளையையும் மருத்துவர் தனித்தனியே சந்தித்த முறையே அதிகப் பலன் தந்ததாக 2000-ல் வெளியான இலண்டன் ஆய்வு ஒன்று காட்டுகிறது. குறைகூறலும் நோய்க்குத் தீனிதான். பிள்ளைக்கு அடி உதையோ வேறு கொடுமையோ நேரும் வீடாயிருந்தால், அங்கே இந்த முறை பொருந்தாது. முதலில் பிள்ளையின் பாதுகாப்பையே பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டாரே திடீரென்று நிறைய உணவு கொடுத்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து விடுபட்டவர்களில் சிலர், உணவு கிடைத்த பிறகே இறந்துபோனார்கள். நெடும் பட்டினிக்குப் பின் உணவு வேகமாகச் சேரும்போது இரத்தத்திலுள்ள பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கிவிடுவதே அதற்குக் காரணம். ஆகவே மயக்கம், நாடித் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், தண்ணீரும் குடிக்க மறுப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு, இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகியவை நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாதவர்கள், மைய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-க்குப் பேசினால், தமிழிலேயே வழி சொல்வார்கள், கட்டணம் கிடையாது.

ஒருசந்தியும் நோயும்

குருவானவர் என்ற முறையில் நாம் தெளிவுபடுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தபசு காலத்தில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிக்கிறோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் நம் அண்டை வீட்டாரும் விரதம் காக்கிறார்கள். நோன்பு நல்லதே. ஆனால் நோய் சில சமயம் நோன்பின் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரும். "மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன், சாப்பிட மாட்டேன்" என்று பிள்ளை சொன்னால் தாய்க்குத் தடுக்க மனம் வராது. "பக்தியுள்ள பிள்ளை" என்று அக்கம் பக்கத்தில் மெச்சுவார்கள். சியன்னா நகர் புனித கத்தரீனம்மாள் உணவை ஒறுத்து ஒறுத்து, 1380-ல் தம் முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தார் என்பதை நாம் அறிவோம். அவரையும் உண்ணும்படி அவருடைய ஆன்ம குரு பணித்தார் என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

திருச்சபையின் சட்டம் இதில் தெளிவானது. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252-ஆம் விதிப்படி, சுத்தபோசனக் கடமை பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கே. ஒருசந்திக் கடமை பதினெட்டு வயது நிறைந்தவர்கள் முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரை உள்ளவர்களுக்கே. பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு ஒருசந்திக் கடமை இல்லை. நோயாளிக்கு எந்த வயதிலும் இல்லை. தவத்தின் உண்மைப் பொருளை இளையோருக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் அதே விதி குருக்களிடமும் பெற்றோரிடமும் ஒப்படைத்திருக்கிறது. ஆகவே இந்நோய் கண்ட பிள்ளைக்கு நாம் சொல்வது, சாப்பிடுவதே இப்போது உன் தவம். அம்மா வைத்த தட்டை முடிப்பதே உன் ஒறுத்தல் முயற்சி. வேறு நேர்ச்சை உனக்கு வேண்டாம்.

பங்கின் கடமை

இனி நம் எல்லாருக்கும் சில வார்த்தைகள். நம் திருமணப் பேச்சுகளில் "பெண் ஒல்லியா, சிவப்பா இருக்கணும்" என்று கேட்கிறவர்கள் யார்? நாம்தாம். பூசை முடிந்து வெளியே வரும் பிள்ளையைப் பார்த்து, "என்னடி, இப்படிக் குண்டாயிட்டே?" என்று சிரிக்கிறவர்களும் நாம்தாம். நோய்க்கு அதுவே முழுக் காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், எரிகிற அடுப்பில் விறகாக அது விழுகிறது. ஜூபிலியின் பெயரால் இந்த ஒரு பேச்சையாவது நம் கோவில் வாசலில் விட்டொழிப்போம்.

பெற்றோர் நோயை மறைப்பதற்கும் அச்சமே காரணம். "மனநோய் மருத்துவரிடம் போனது தெரிந்தால் பிள்ளைக்கு வரன் வருமா?" என்று கேட்கிறார்கள். மறைத்து மறைத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டால், நோயைத் தீர்ப்பது மேலும் கடினமாகிவிடுகிறது. வரனைப் பற்றிக் கவலைப்பட முதலில் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. உடனிருங்கள் என்று சொல்வது எளிது. நம் பங்கில் விடியற்காலை ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிற தந்தையர் இருக்கிறார்கள். தறி நின்றால் அன்றைய கூலியும் நின்றுபோகும் குடும்பங்களும் இருக்கின்றன. மூன்று வேளையும் பிள்ளையருகே உட்கார அவர்களால் எப்படி முடியும்? இங்கேதான் பங்கு ஒரு குடும்பமாக வேண்டும். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, யாராவது ஒருவர் மதிய வேளைக்குப் பொறுப்பேற்கலாம். மரியாயின் சேனைச் சகோதரிகள் முறை வைத்துப் போய் உட்காரலாம். புத்தி சொல்ல அல்ல, துணையிருக்க. வின்சென்ட் தே பவுல் சபையார் இழந்த கூலியில் ஒரு பகுதியையும் வேலூருக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவையும் ஈடுசெய்யலாம். அந்த வீட்டு இரகசியம் அந்த வீட்டோடு இருக்க வேண்டும். இதற்கென்று இவ்வாண்டின் ஜூபிலி நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கப் பங்குப் பேரவையிடம் நாம் கேட்டுக்கொள்கிறோம்.

யாயீரின் மகளைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கிறோம். அவளுக்கு வயது பன்னிரண்டு. வீட்டில் அழுகையும் ஓலமும். ஏளனம் செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். நம் ஆண்டவர் என்ன செய்தார்? கூட்டத்தையெல்லாம் வெளியே அனுப்பினார். தாயையும் தந்தையையும் வெளியே அனுப்பவில்லை. அவர்களைத் தம்மோடு உள்ளே அழைத்துச் சென்றார். சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். எழுப்பிய பின்பு அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். உயிர் கொடுக்க வல்லவர் உணவையும் தாமே கொடுத்திருக்கக் கூடாதா? அந்த வேலையைப் பெற்றவர் கையிலேயே விட்டார்.

அன்பான பெற்றோர்களே, மருத்துவர் தம் வேலையைச் செய்வார். பங்கு மக்கள் துணை நிற்பார்கள். தட்டை எடுத்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போனால் மறுபடி சுடவைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். அந்தப் பொறுமையை இறைவன் உங்களுக்கு அருள்வாராக. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் உடல் நலமும் மன நலமும் பெற்று, நம்மோடு ஒரே பந்தியில் அமர்ந்து மகிழ்ச்சியுடன் உண்ணும் நாளை அவர் தந்தருள்வாராக.

ஆமென்.